எலக்ட்ரிக் கார்: ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் ஒரே வீட்டில் இருந்தால்

2018 மே மாதம் அமெரிக்காவில் ஒரு சம்பவம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று அங்கே ஒரு பத்திரிகை. விளம்பரம் வாங்காது, பொருளைக் காசு கொடுத்து வாங்கி, சோதித்துப் பார்த்து எழுதும். அவர்கள் டெஸ்லா மாடல் 3 காரை சோதித்தார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில், அதாவது சுமார் 97 கிலோமீட்டரில் போகும் கார் பிரேக் அடித்து முழுசாக நிற்க 152 அடி எடுத்துக்கொண்டது. ஃபோர்டு எஃப்-150 என்கிற பெரிய பிக்அப் வண்டியே இதைவிட 7 அடி முன்னால் நின்றுவிடும். "இந்தக் காரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்" என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்த பத்து நாளுக்குள் டெஸ்லா ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பியது. யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை, சர்வீஸ் சென்டருக்குப் போகவில்லை. அதே கார், அதே டயர், அதே பிரேக் பேட். மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி குறைவு, கிட்டத்தட்ட 6 மீட்டர். ஒரு ஆள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் 6 மீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. பத்திரிகை தன் முடிவை மாற்றிக்கொண்டது. காற்று வழியாக வந்த அப்டேட்டால் ஒரு காரின் பிரேக் இவ்வளவு மேம்பட்டதை இதுவரை பார்த்ததே இல்லை என்று அவர்களுடைய சோதனைப் பிரிவின் தலைவரே சொன்னார்.

நான் சாஃப்ட்வேர் ஆள். பக் வந்தால் சரி பண்ணி அனுப்புவது தினசரி வேலை. அதனால் முதலில் படித்தபோது "இதில் என்ன அதிசயம்" என்றுதான் தோன்றியது. கார் கம்பெனிகள் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கப் படிக்கத்தான் கேள்வி திரும்பியது. டெஸ்லாவால் எப்படி முடிந்தது என்பதை விட, மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்பதுதான் சுவாரசியமான கேள்வி. அந்தத் தேடலில் சேர்ந்த குறிப்புகள் இவை.

150 பெட்டிகளின் கதை

ஒரு காரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல டஜன் இருக்கின்றன. ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று. இவற்றை ஈ.சி.யூ என்பார்கள். விலை உயர்ந்த கார்களில் நூறைத் தாண்டும். இவை ஒன்றோடொன்று பேச ஒரு பொதுவான கம்பி வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் அதற்காக வந்ததுதான். அருமையான கண்டுபிடிப்பு, இன்றைக்கும் எல்லா வண்டியிலும் ஓடுகிறது.

ஆனால் அது ஒரு பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. புது வசதி வேண்டுமா? ஒரு சப்ளையரைக் கூப்பிடு, ஒரு பெட்டி வாங்கு, பஸ்ஸில் மாட்டு. நான்கு சப்ளையர்களிடம் கொட்டேஷன் வாங்கி, விலையை அடித்துப் பேசி, குறைவாகச் சொன்னவருக்குக் கொடு. பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் அந்த சப்ளையருடையது. கார் கம்பெனிக்கு அது மூடிய பெட்டி.

ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி 2023-ல் ஒரு பேட்டியில் இதை மறைக்காமல் சொன்னார். தங்கள் வண்டிகளில் சுமார் 150 மாட்யூல்கள், ஒவ்வொன்றின் சாஃப்ட்வேரையும் வெவ்வேறு கம்பெனிகள் எழுதியிருக்கின்றன, அவை ஒன்றோடொன்று சரியாகப் பேசுவதில்லை. சீட்டைக் கட்டுப்படுத்தும் நிரலை மாற்றவேண்டும் என்றால்கூட பாஷ் கம்பெனியிடம் போய் அனுமதி கேட்கவேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இப்படி ஏலம் விட்டதில் ஒரு வண்டிக்கு 500 டாலர் மிச்சம் பிடித்தோம் என்றும் சொன்னார். முட்டாள்தனமாகச் செய்யவில்லை, கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். அந்தக் கணக்கு பெட்ரோல் காருக்கு சரியாகவே இருந்தது.

சாஃப்ட்வேர் உலகில் கான்வே விதி என்று ஒன்று உண்டு. மெல்வின் கான்வே என்பவர் 1968-ல் வெளியான ஒரு கட்டுரையில் சொன்னது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் வடிவம் எதுவோ, அதே வடிவம்தான் அந்த நிறுவனம் தயாரிக்கும் பொருளிலும் வந்து உட்காரும். நான்கு டீம் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதினால், அது நான்கு கட்டமாகத்தான் இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கார் இதற்கு மிகப் பெரிய உதாரணம். வயரிங் வரைபடத்தைப் பார்த்தாலே கம்பெனியின் கொள்முதல் பிரிவு தெரியும்!

இப்போது பிரேக்குக்கு வருவோம். ஏ.பி.எஸ் என்ன செய்கிறது? சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்க ஆரம்பித்தால் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது, ஒரு நொடிக்குள் பலமுறை. எவ்வளவு சறுக்கலில் விடவேண்டும், எவ்வளவு சீக்கிரம் திரும்பப் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் உள்ளே இருக்கும் எண்கள். மாடல் 3-ல் பிரச்சினை அந்த எண்களில் இருந்தது. வழக்கமான கம்பெனியில் இதைச் சரிசெய்ய, சப்ளையருக்குக் கடிதம் போய், அவர்கள் ஆய்ந்து, புது ஃபர்ம்வேர் கொடுத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக டீலரிடம் வரவழைத்து, கேபிள் மாட்டி ஏற்றவேண்டும். மாதக்கணக்கு ஆகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைப்பு என்றால் போல்ட், நட்டு எல்லாவற்றையும் நாமே செய்வது என்று அர்த்தம் இல்லை. எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. பொருள் எங்கிருந்து வந்தாலும், அதற்குள் இருப்பதை மாற்றும் அதிகாரம் யாரிடம், மாற்றியதை வண்டிக்குக் கொண்டு சேர்க்கும் வழி யாரிடம் என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் காரில் இது ஏன் பெரிசாகத் தெரியவில்லை?

பெட்ரோல் காரின் குணம் எஞ்சினில் இருந்தது. அந்த உறுமல், எந்த ஆர்.பி.எம்மில் இழுவை வருகிறது, கியர் எப்படி விழுகிறது எல்லாம் இரும்பில் செதுக்கப்பட்டது. நூறு வருட இயந்திரப் பொறியியல். ஒரு பி.எம்.டபிள்யூவுக்கும் ஒரு ஹோண்டாவுக்கும் வித்தியாசம் காதிலேயே தெரியும்.

மின் மோட்டாரில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எல்லா மோட்டாரும் சத்தமில்லாமல், நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். அதை இயக்குவது இன்வெர்ட்டர். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி, ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன்-ஆஃப் செய்து மோட்டாருக்கு அனுப்புகிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரில் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பாயவேண்டும், காலை எடுத்தால் எவ்வளவு மின்சாரம் திரும்ப பேட்டரிக்குப் போகவேண்டும், சக்கரம் வழுக்கினால் எவ்வளவு சீக்கிரம் விசையைக் குறைக்கவேண்டும்... எல்லாம் நிரல்.

அதாவது எலக்ட்ரிக் காரில் "ஓட்டுவதற்கு எப்படி இருக்கு" என்ற கேள்விக்கான பதில் பெருமளவு சாஃப்ட்வேரில் இருக்கிறது. டெஸ்லா இதைக் காசாக்கியும் காட்டியது. 2019 டிசம்பரில் மாடல் 3-ன் இரட்டை மோட்டார் வகைக்கு 2,000 டாலருக்கு ஒரு அப்டேட் விற்றார்கள். 60 மைல் வேகத்தை எட்ட 4.4 நொடி எடுத்த வண்டி 3.9 நொடியில் எட்டும். இரும்பில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்ரோல் காரில் அரை நொடி குறைக்க டர்போ, சைலன்சர் என்று எவ்வளவு வேலை!

பேட்டரியை யார் சூடாக்குவது?

ஒருங்கிணைப்பின் அழகு எனக்கு நன்றாகப் புரிந்தது வேகத்தில் அல்ல, வெப்பத்தில்தான்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு நம்மைப் போலவே குளிரும் ஆகாது, அதிக வெயிலும் ஆகாது. குளிர்ந்திருக்கும்போது வேகமாக சார்ஜ் செய்தால், லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுள் குறையும், மோசமானால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால் குளிர்ந்த பேட்டரியோடு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போனால் வண்டி தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் 20 நிமிடம் என்று நினைத்துப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

தீர்வு எளிது: போய்ச் சேருவதற்கு முன்பே சூடாக்கு. ஆனால் வண்டிக்கு நீங்கள் சார்ஜருக்குப் போகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? வழிகாட்டி மேப்புக்குத் தெரியும். ஆக மேப், பேட்டரி மேலாண்மை, குளிரூட்டும் பம்ப் மூன்றும் பேசிக்கொள்ளவேண்டும். டெஸ்லா 2019 மார்ச்சில், 250 கிலோவாட் தரும் மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜர்களோடு இதையும் அப்டேட்டாக அனுப்பியது. சராசரி சார்ஜ் நேரம் இதனால் 25% குறையும் என்றார்கள்.

சப்ளையர் முறையில் இதை யோசித்துப் பாருங்கள். மேப் பெட்டி ஒரு கம்பெனி, பேட்டரி கட்டுப்பாடு இன்னொன்று, ஏசி மூன்றாவது. "நான் சார்ஜருக்குப் போகிறேன்" என்ற ஒரு செய்தியை பஸ்ஸில் போடவேண்டும் என்றால், வண்டி வெளியாவதற்குப் பல வருடம் முன்பே மூன்று ஒப்பந்தங்களில் அது எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுத மறந்தால் அடுத்த மாடல் வரை காத்திருக்கவேண்டியதுதான்.

இதில் இன்னொரு படியும் இருக்கிறது. பழைய மாடல் எஸ்-ல் பேட்டரியைச் சூடாக்கத் தனியாக ஒரு ஹீட்டர் இருந்தது. மாடல் 3-ல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலாக, மோட்டாருக்கு வேண்டுமென்றே திறமைக் குறைவாக மின்சாரத்தை அனுப்பி, அதன் சுருள்களிலேயே வெப்பத்தை உண்டாக்கி, அந்த வெப்பத்தைக் குளிர்விக்கும் நீர் வழியாக பேட்டரிக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டி நிற்கும்போதுகூட இது நடக்கும். ஒரு பாகம், அதன் எடை, அதன் வயர், அதன் விலை எல்லாம் போய், சில வரி நிரல் வந்துவிட்டது. மோட்டார் டீமும் பேட்டரி டீமும் ஒரே கூரையின் கீழ், ஒரே பட்ஜெட்டில் இருந்தால்தான் இப்படிப்பட்ட யோசனை உதிக்கும். ஹீட்டர் விற்கும் சப்ளையர் "என் ஹீட்டர் உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்வாரா?

வாங்குபவருக்கு இந்த உள்விவரம் எதுவும் தெரியவேண்டியதில்லை. அவருக்குத் தெரிவது, மேப்பில் ஊரைப் போட்டால் எங்கே நிறுத்தவேண்டும், எத்தனை நிமிடம் என்று சொல்கிறது, போய் பிளக்கைச் சொருகினால் சார்ஜ் ஆகிறது, பணம் தானாகப் போகிறது என்பதுதான். "வண்டி நல்லா இருக்கு" என்று நாலு பேரிடம் சொல்வார்.

தட்டுப்பாட்டில் தெரிந்த வித்தியாசம்

2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. ஃபோர்டு, ஜி.எம் போன்ற கம்பெனிகள் சிப் வராமல் முடிக்கப்படாத வண்டிகளை மைதானங்களில் நிறுத்தி வைத்தன. டெஸ்லாவுக்கும் அதே தட்டுப்பாடுதான். ஆனால் கிடைக்கிற வேறு சிப்பை எடுத்து, அதற்கேற்ப ஃபர்ம்வேரைச் சில வாரங்களில் மாற்றி எழுதிச் சமாளித்தோம் என்று எலான் மஸ்க் அந்த ஜூலையில் முதலீட்டாளர்களிடம் சொன்னார். 2020-ல் ஏறத்தாழ 5 லட்சமாக இருந்த டெஸ்லாவின் விற்பனை, தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2021-ல் 9.36 லட்சமானது. புது தொழிற்சாலை, மாடல் ஒய் போன்ற காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் கோடு உங்கள் கையில் இருந்தால் சிப்பை மாற்றலாம், சப்ளையர் கையில் இருந்தால் அவர் வரிசையில் நிற்கவேண்டும் என்ற பாடம் எல்லா கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

பணம் இருந்தால் போதுமா?

"சரி, நாமும் சாஃப்ட்வேர் டீம் வைத்துவிட்டால் போச்சு" என்று நினைத்த பெரிய கம்பெனி ஃபோக்ஸ்வாகன். ஐடி.3 என்ற எலக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தார்கள். கார் தயார், சாஃப்ட்வேர் தயாராகவில்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் நிரலுக்காகக் காத்து நின்றன. 2020 செப்டம்பரில் டெலிவரி தொடங்கியபோதும் முதலில் வாங்கியவர்களுக்குச் சில வசதிகள் "பிறகு வரும்" என்றுதான் கிடைத்தது. எல்லா பிராண்டுக்கும் பொதுவாக எழுதித்தர காரியாட் என்று தனிக் கம்பெனியே தொடங்கினார்கள், ஆயிரக்கணக்கான பொறியாளர்களோடு. தாமதம் தீரவில்லை, போர்ஷேயின் மின்சார மக்கான் போன்ற வண்டிகள் தள்ளிப்போயின. 2022-ல் தலைவர் ஹெர்பர்ட் டீஸ் பதவி இழந்தார். அதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தச் சாஃப்ட்வேர் சிக்கல்தான் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

2024-ல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவின் ரிவியன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்தது. 580 கோடி டாலர் வரை முதலீடு. ரிவியன் தன் முதல் வண்டியை வாடிக்கையாளருக்குக் கொடுத்ததே 2021-ல்தான். எண்பது வருடத்துக்கு மேல் கார் செய்த கம்பெனி, மூன்று வருடப் பிள்ளையிடம் எதை வாங்கப் போனது? மின் அமைப்பையும் அதன் மேல் ஓடும் சாஃப்ட்வேரையும். ரிவியன் தன் வண்டியின் இரண்டாம் தலைமுறையில் தானே வடிவமைத்த ஈ.சி.யூக்களை 17-லிருந்து 7 ஆகக் குறைத்திருந்தது. சீட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று இல்லாமல், வண்டியை மண்டலங்களாகப் பிரித்து, பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இதனால் ஒரு வண்டிக்கு 1.6 மைல், அதாவது இரண்டரை கிலோமீட்டர் வயர் மிச்சம்.

கான்வே விதி இங்கே பழி வாங்குகிறது. பழைய அமைப்பின் மேல் ஒரு சாஃப்ட்வேர் டீமைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அது 151-வது சப்ளையர் ஆகிவிடும். வரைபடம் மாறவேண்டும் என்றால் முதலில் நிறுவனம் மாறவேண்டும்.

சீனாவில் கதை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பி.ஒய்.டி 1995-ல் பேட்டரி கம்பெனியாகத் தொடங்கி 2003-ல் காருக்குள் வந்தது. செல், மோட்டார், பவர் சிப் வரை தானே செய்கிறது. ஷாவ்மி ஃபோன் கம்பெனி; 2024 மார்ச்சில் எஸ்.யூ.7 என்ற காரோடு வந்தது. ஒருவர் கீழிருந்து மேலே, மற்றவர் மேலிருந்து கீழே. இருவருக்கும் காலங்காலமான சப்ளையர் ஒப்பந்தம் என்ற சுமை இல்லை.

பெரிய திரை என்பது ஒருங்கிணைப்பு இல்லை

ஒரு எச்சரிக்கை. டெஸ்லாவின் 17 இன்ச் திரையைப் பார்த்துவிட்டு, திரைதான் ரகசியம் என்று நினைத்தவர்கள் நிறைய பேர். பட்டன்களை எல்லாம் பிடுங்கிவிட்டுத் திரையை ஒட்டினார்கள். 2022-ல் ஸ்வீடனின் ஒரு கார் பத்திரிகை சோதித்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகளைச் செய்யவேண்டும். பட்டன்கள் உள்ள 2005 வோல்வோவில் 10 நொடியில் முடிந்தது. மோசமான தொடுதிரை வண்டியில் கிட்டத்தட்ட 45 நொடி. அதற்குள் வண்டி ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. யூரோ என்கேப் பாதுகாப்பு அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஐந்துக்கும் தனிப் பட்டன் அல்லது லீவர் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. திரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒருங்கிணைப்பின் பலன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

மறுபக்கம்: சாவி யாரிடம்?

இதுவரை நல்ல பக்கம். ஆனால் நான் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அடுத்த பக்கத்துக்காகத்தான்.

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியது. ஊரைக் காலி செய்து ஓடுகிறவர்களுக்காக டெஸ்லா ஒரு காரியம் செய்தது. சில மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் 75 கிலோவாட்-மணி பேட்டரி இருக்கும், ஆனால் குறைந்த விலைக்கு விற்றதால் சாஃப்ட்வேரால் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைத் தூரத்திலிருந்தே திறந்து, கூடுதலாக 30, 40 மைல் ஓட விட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் பூட்டு இருந்தது என்பதே பலருக்கு அன்றுதான் உறைத்தது. வண்டியின் வயிற்றில் பேட்டரி இருக்கிறது, அதன் எடையைச் சுமந்துகொண்டு ஓடுகிறோம், ஆனால் பயன்படுத்த முடியாது.

திறக்க முடிகிற கை பூட்டவும் முடியும். 2019-ல் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சில மாடல் எஸ் வண்டிகளில் பேட்டரியின் உச்ச வோல்டேஜ் குறைக்கப்பட்டது, ஓடும் தூரமும் குறைந்தது. வழக்கு போட்டார்கள். 1,743 வண்டிகள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கை 2021-ல் 15 லட்சம் டாலருக்கு டெஸ்லா சமரசம் செய்துகொண்டது. அந்த ஆண்டு சில வண்டிகள் தீப்பிடித்ததால் முன்னெச்சரிக்கையாகச் சார்ஜ் அமைப்பை மாற்றுகிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. பாதுகாப்புக்காகச் செய்தது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவர் தூங்கி எழும்போது வண்டி கொஞ்சம் குறைந்திருந்தது, அவரை யாரும் கேட்கவில்லை.

மீட்டரும் அவர்களிடம்தான். எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்லும் எண்ணைக் காட்டுவதும் விற்பவரின் நிரல். குளிர் காலத்தில் ஓடும் தூரம் வெகுவாகக் குறைவதைச் சரியாகச் சொல்லாமல் விளம்பரம் செய்ததற்காக தென்கொரியா 2023 ஜனவரியில் டெஸ்லாவுக்கு 285 கோடி வோன் அபராதம் போட்டது.

அடுத்தது ஆயுள். இது என்னைப் போன்றவர்கள் பதற வேண்டிய கதை. 2018-க்கு முந்தைய மாடல் எஸ், எக்ஸ் வண்டிகளின் திரைக் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி. ஃபிளாஷ் மெமரியில் எழுதி அழிக்க ஒரு எல்லை உண்டு. இதில் சுமார் 3,000 முறை. வண்டி ஓட ஓட லாக் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்குச் சராசரி 1.4 முறை என்று வைத்தால் 3,000-ஐ 1.4-ஆல் வகுங்கள்: 2,143 நாள், ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பிறகு திரை செத்துவிடும். திரையோடு பின்பக்க கேமரா போகும், கண்ணாடியில் பனி நீக்கும் கட்டுப்பாடு போகும், இண்டிகேட்டர் சத்தம் போகும். 2021 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பின் நெருக்குதலில் 1,34,951 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சர்வரில் லாக் நிரம்பினால் டிஸ்க்கை மாற்றுவோம். காரில் அதே அலட்சியம் பின்னால் வரும் குழந்தை தெரியாத கேமரா ஆகிறது. எல்லாவற்றையும் ஒரு திரைக்குள் சேர்த்தால், விழும்போது எல்லாம் சேர்ந்துதான் விழும்.

கம்பெனியே விழுந்தால்? ஃபிஸ்கர் நிறுவனத்தின் ஓஷன் என்ற எலக்ட்ரிக் கார் 2023-ல் வந்தது, 2024 ஜூனில் கம்பெனி திவால். மிச்சமிருந்த சுமார் 3,000 வண்டிகளை நியூயார்க்கின் ஒரு லீசிங் நிறுவனம் மொத்தமாக வாங்க ஒப்பந்தம் போட்டது. பாதியில் ஒரு சிக்கல்: வண்டிகளின் தகவல்களை ஃபிஸ்கருக்குச் சொந்தமில்லாத சர்வருக்கு மாற்ற முடியாது என்று தெரியவந்தது. இரும்பு கைமாறிவிட்டது, கிளவுட் கைமாறவில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்த சாதாரண மக்கள் ஒரு சங்கம் அமைத்து, அப்டேட்டுக்கும் உதிரிபாகத்துக்கும் தாங்களே வழி தேடவேண்டியதாயிற்று.

விழாத கம்பெனியிலும் வேறு வகையில் வரும். பிரிட்டனில் பழைய நிசான் லீஃப் வண்டிகளின் ஃபோன் ஆப் 2024-ல் நிறுத்தப்பட்டது. வண்டிக்குள் இருந்த மோடம் 2ஜி, அந்த நெட்வொர்க்கை மூடுகிறார்கள் என்பது காரணம். பி.எம்.டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டது. கம்பி ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது, நிரல்தான் பூட்டு. மக்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டு கைவிட்டார்கள்.

நம் பக்கத்தில்

நம்மூரில் இதே கதை இரண்டு சக்கரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய ஏதர், பேட்டரி பேக், டேஷ்போர்டு, சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தானே வடிவமைத்து, இப்போது ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிறது. சில வசதிகளைத் தனி சாஃப்ட்வேர் பேக்காகவும் விற்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா 2021 டிசம்பரில் டெலிவரி தொடங்கியபோது குரூஸ் கன்ட்ரோல் போன்றவை இல்லை. 2022-ல் அப்டேட்டாக வந்தன. "வாங்கிக்கோங்க, பிறகு வரும்" என்பது நமக்கும் பழகிவிட்டது. கார் வாங்கும்போது தொகை பத்து மடங்கு, வைத்திருக்கும் காலமும் அதிகம்.

அப்போ என்ன செய்யலாம்?

ஒருங்கிணைந்த வண்டி நல்ல வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் என் முடிவு. ஆறு மீட்டர் முன்னால் நிற்கும் வண்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அது உங்களையும் கம்பெனியையும் பத்து வருடத்துக்குக் கட்டிப்போடும் உறவு. அதனால் ஷோரூமில் மைலேஜ், விலை கேட்பதோடு இவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

1. சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருடம் வரும்? திரைக்கு மட்டுமா, பிரேக், மோட்டார், பேட்டரி கட்டுப்பாட்டுக்கும் வருமா? திரைக்கு மட்டும் என்றால், அது கார் மேல் ஒட்டிய டேப்லெட்.

2. அப்டேட்டை மறுக்க முடியுமா? ஓடும் தூரம், சார்ஜ் வேகம் குறையும் என்றால் முன்கூட்டியே சொல்வார்களா?

3. பேட்டரி வாரன்டி எந்த அளவீட்டில்? திரை காட்டும் சதவீதத்திலா, வெளியாள் அளக்கக்கூடிய கிலோவாட்-மணியிலா?

4. இன்டர்நெட் இல்லாமல், ஆப் இல்லாமல், வண்டி திறக்குமா, ஓடுமா, சார்ஜ் ஆகுமா? டெஸ்ட் டிரைவில் ஃபோனை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

5. இரண்டாம் கையாக விற்றால், காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் வசதிகள் வண்டியோடு போகுமா, என்னோடு நின்றுவிடுமா?

6. திரை செத்தால் மாற்ற என்ன செலவு, வாரன்டிக்குள் வருமா?

விற்பனையாளருக்கு இதில் பாதிக்குப் பதில் தெரியாமல் போகலாம், அது அவர் தப்பு இல்லை. ஆனால் நாலு பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார், நாற்பது பேர் கேட்டால் விளம்பரத் தாளிலேயே பதில் வந்துவிடும். சீட்டுச் சந்தாவை பி.எம்.டபிள்யூ கைவிட்டது சட்டத்தால் அல்ல, வாங்குகிறவர்கள் முகம் சுளித்ததால்.